தெலுக் ஆயர் தெருவின் தியான் ஹொக் கெங்: ஒரு பழைய சீனக் கோயிலை நின்று நிதானமாகப் பார்க்க முழு வழிகாட்டி

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வருகிற நம்மவர்கள் சைனாடவுன் பக்கம் போனால், பெரும்பாலும் பார்த்துவிட்டு வருவது சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் புத்தர் பல் கோயிலைத்தான். பெரிய கட்டடம், உள்ளே ஏசி, மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். பார்க்க வேண்டிய இடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது 2007-இல் திறந்தது. கடல் கடந்து பிழைக்க வந்த சீனர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, ஊரிலிருந்து மரமும் கல்லும் வரவழைத்து, ஊர்க் கொத்தர்களையும் தச்சர்களையும் கூட்டிவந்து கட்டிய கோயில் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், அங்கிருந்து பத்து நிமிடம் நடந்து தெலுக் ஆயர் தெருவுக்குப் போக வேண்டும். அங்கே இருப்பது தியான் ஹொக் கெங். சீனாவின் தெற்கு ஃபூஜியான் பகுதியிலிருந்து வந்த ஹொக்கியன் சமூகத்தார் 1839-இல் கட்டத் தொடங்கி 1842-இல் முடித்த கோயில்.

இந்த மாதிரிக் கோயில்களுக்குப் போய் வந்தவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: "எங்கே பார்த்தாலும் சிவப்பு, எங்கே பார்த்தாலும் தங்கம், டிராகன், புகை. பத்து நிமிஷத்துல வெளிய வந்துட்டோம்." நியாயம்தான், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனால் கண் எதிலும் நிற்காது. நம் ஊர்க் கோபுரத்தைப் பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்கும் இதே கதிதான். ஆனால் இந்தக் கோயிலுக்கு ஒரு சாவி இருக்கிறது. இது கடலில் சாகாமல் வந்து சேர்ந்தவர்கள் கடல் தெய்வத்துக்குச் சொன்ன நன்றி. அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் வாசலிலிருந்து மூலவர் வரை ஒவ்வொன்றும் இடம் பிடித்து உட்காரும்.

எப்போது, எப்படி

கோயில் காலை 7.30-க்குத் திறந்து மாலை ஐந்து மணியை ஒட்டி மூடிவிடும், நுழைவுக் கட்டணம் இல்லை. மாலையில் ஆற அமரப் போகலாம் என்று நினைக்காதீர்கள், நம் கோயில் மாதிரி சாயந்திர நடை திறப்பு எல்லாம் இங்கே கிடையாது. காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள் போய்விடுவது நல்லது. வேலைக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று பத்தி ஏற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம், சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் வந்திருக்காது, வெயிலும் முற்றத்தைச் சுட்டிருக்காது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

லிட்டில் இந்தியாவில் தங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் வேலை ரொம்பச் சுலபம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தடத்து ரயிலில் ஏறினால் எங்கும் மாறாமல் நேராகத் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கலாம், ஆறாவது நிறுத்தம். அங்கிருந்து ஐந்து நிமிட நடை. பயண அட்டை வாங்காவிட்டாலும் வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், ஊரிலிருந்து கிளம்பும்போதே வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் வங்கிச் செயலியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் வேண்டாம் என்றால் சீன மாதத்தின் முதல் நாளையும் பதினைந்தாம் நாளையும் தவிர்க்கவும். சீன மாதம் அமாவாசையில் பிறப்பதால் நம் காலண்டரே போதும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சீனப் புத்தாண்டு நாட்களில் புகையும் நெரிசலும் அதிகம். மாறாக, கோயில் உயிரோடு இருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் சீன மூன்றாம் மாதம் 23-ஆம் நாள், அதாவது ஏப்ரல் அல்லது மே மாதத்தில் வரும், இந்தக் கோயிலின் கடல் தெய்வமான மாட்சு அம்மனின் பிறந்தநாளை ஒட்டிப் போங்கள். என்னைக் கேட்டால், முதல் தடவைக்கு ஒரு சாதாரண செவ்வாயோ புதனோ போதும். கட்டடத்தைப் பார்க்க இடம் இருக்க வேண்டும்.

உடைக்குக் கண்டிப்பான விதி எதுவும் இல்லை, ஆனாலும் தோளும் முழங்காலும் மறைகிற மாதிரி உடுத்துவது மரியாதை. அதே தெருவில் தர்காவும் பள்ளிவாசலும் இருப்பதால் எப்படியும் அது தேவைப்படும். செருப்பைக் கழற்ற வேண்டாம். இது நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், வாசலில் நின்று செருப்பை எங்கே விடுவது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். போட்டுக்கொண்டே போகலாம், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். மழை நாளில் முற்றத்துக் கருங்கல் வழுக்கும், அதனால் பிடிப்பான காலணியாகப் போட்டுக்கொள்ளுங்கள். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மட்டும் வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.

உள்ளே போவதற்கு முன்னால் தெருவில் நில்லுங்கள்

நேராக உள்ளே போய்விடாதீர்கள். எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய், கோயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். கண்ணுக்குத் தெரிவது அலுவலகக் கட்டடங்கள்தான். 1842-இல் இதே இடத்தில் நின்றிருந்தால் கடல் தெரிந்திருக்கும். தெலுக் ஆயர் தெரு அன்றைக்குக் கடற்கரை, 1880-களில் கடலைத் தூர்த்த பிறகுதான் கரை தள்ளிப் போனது. ஃபூஜியான் மாநிலத்திலிருந்து பாய்க்கப்பலில் வந்தவர்கள் கரையேறியதும் முதலில் செய்தது, இங்கே வந்து பத்தி கொளுத்தியதுதான். முதலில் இருந்தது 1820-களின் தொடக்கத்தில் எழுந்த ஒரு சின்ன வழிபாட்டிடம், காசு சேர்ந்த பிறகு வந்ததுதான் இப்போதைய கோயில். பணம் கொடுத்தவர்களில் முதலிடம் டான் டோக் செங்குக்கு. சிங்கப்பூரில் யாராவது உறவினர் இருந்தால் அந்தப் பெயரை உடனே சொல்வார்கள், அவர் பெயரில்தான் அங்கே பெரிய மருத்துவமனை இருக்கிறது.

இப்போது திரும்பிக் கோயிலைப் பாருங்கள். அந்த அகலமான தாழ்ந்த கட்டடத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பி நிற்கும், நிறையப் பேர் அதைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் கூரை முகட்டைப் பாருங்கள். முகடு நேர்கோடாக இருக்காது, இரண்டு முனைகளும் வளைந்து மேலேறி, நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். தூக்கணாங்குருவி இல்லை, தகைவிலான் குருவியின் வால். தெற்கு ஃபூஜியான் கோயில்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் உரிய அடையாளம் அது. இந்த வளைவைப் பழகிவிட்டால், பினாங்கிலோ மலாக்காவிலோ தைவானிலோ ஒரு கோயிலைத் தூரத்திலிருந்து பார்த்தே ஹொக்கியன்காரர்களுடையது என்று சொல்லிவிடலாம்.

முகட்டின் மேல் டிராகன்கள். கேமராவைப் பெரிதாக்கி அவற்றின் உடம்பைப் பாருங்கள், செதில்கள் பூசிய வண்ணமாக இருக்காது. பீங்கான் கிண்ணங்களையும் தட்டுகளையும் உடைத்து, குறடால் சின்னச் சின்ன இதழ்களாக வெட்டி, ஈரச் சுண்ணாம்பில் ஒவ்வொன்றாகப் பதிக்கிற வேலை அது. கிண்ணத்துக்கு ஏற்கெனவே ஒரு வளைவு இருக்கிறது இல்லையா, அதே வளைவைத்தான் பூவிதழுக்கும் செதிலுக்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நம் கோபுரச் சுதை வேலைக்குப் பெயின்ட் வெளுக்கும், மறுபடி அடிக்க வேண்டும். இதில் நிறம் பீங்கானின் மெருகிலேயே இருப்பதால் வெயிலிலும் மழையிலும் அப்படியே நிற்கும்.

வாசல்

வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். ஒன்றிடம் பந்து இருந்தால் ஆண், குட்டி இருந்தால் பெண். பந்துள்ளது பெரும்பாலும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்.

அந்த வலக்கை முக்கியம். சீனக் கோயிலைப் பார்த்து நிற்கும்போது உங்கள் வலப்பக்கம் டிராகன் பக்கம், இடப்பக்கம் புலிப் பக்கம். டிராகன் பக்கத்து வாசலில் நுழைந்து புலிப் பக்கத்தில் வெளியேறுவது மரபு. நடு வாசல் தெய்வத்துக்கு, அதில் நாம் போவதில்லை. யாரும் தடுக்க மாட்டார்கள், சத்தமும் போட மாட்டார்கள், ஆனால் பெரியவர்கள் கவனிப்பார்கள்.

வாசற்படி உயரமாக இருக்கும். மிதிக்காமல் தாண்டுங்கள். இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்துத் தாண்ட வையுங்கள், இடறி விழுந்தால் கீழே கருங்கல். உயரமான படிக்கு இன்னொரு பயனும் உண்டு, தாண்டும்போது கால் எங்கே என்று பார்க்கத் தலை தானாகக் குனியும்.

கதவுகளில் ஆள் உயரத்துக்கும் மேலே வண்ணத்தில் வரைந்த காவல் தெய்வங்கள். நம் துவாரபாலகர்கள் செய்கிற வேலைதான் இவர்களுக்கும். தரையிலும் சுவரிலும் பூ ஓடுகள் கண்ணில் படும், தெருவோரத்து இரும்புக் கம்பி வேலி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வார்த்தது. சீனத் தச்சு, ஐரோப்பிய இரும்பு. துறைமுக ஊரில் எது கப்பலில் வந்ததோ அது கோயிலுக்குள்ளும் வந்துவிட்டது. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் லாவ் பா சாட் உணவுச் சந்தையின் இரும்புத் தூண்களும் அதே கிளாஸ்கோவிலிருந்து வந்தவைதான்.

முன்மண்டபத்துச் சுவரில் கல்வெட்டு இருக்கும், 1850-இல் வைத்தது. கோயில் எப்படி எழுந்தது, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்கிற விவரம். எழுத்து புரியாவிட்டாலும் வரிசை புரியும்: பெரிய தொகை முதலில், போகப் போகச் சின்னது. உபயதாரர் பெயரை டியூப்லைட்டில் எழுதுகிற ஊர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன.

முற்றமும் உத்தரங்களும்

உள்ளே போனதும் திறந்த முற்றம், அதற்கு அப்பால் பெரிய மண்டபம். இங்கேதான் அவசரக்காரர்கள் நேராகப் போய்ச் சாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முற்றத்தில் நின்று மேலே அண்ணாந்து பாருங்கள்.

கூரை பெரிய பாரம். மரச்சட்டங்கள், அதன்மேல் ஓடு, அதன்மேல் பீங்கான் வேலை எல்லாம் சேர்ந்து. அந்தப் பாரம் தூணுக்கு எப்படி இறங்குகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். தூணின் தலையிலிருந்து குட்டையான மரக்கைகள் இரண்டு பக்கமும் நீளும், அதன் நுனியில் சின்னக் கட்டை, அதன்மேல் இன்னும் கொஞ்சம் நீளமான கை, மறுபடி கட்டை. இப்படி அடுக்கி அடுக்கிப் போய் உத்தரத்தைத் தாங்குகிறது. நம் கல் மண்டபத்தில் போதிகை என்று சொல்வோமே, அதன் மர வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பூட்டியிருக்கும். ஆணி அடிக்காமல் கட்டிய கோயில் என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது பூட்டுகள் கொஞ்சம் இடம் கொடுக்கும், இறுகிய ஆணியால் அது முடியாது.

அதே உத்தரங்கள் சேரும் இடங்களில், கூரையைத் தோளில் தாங்குகிற மாதிரிச் சின்ன மனித உருவங்கள் இருக்கின்றன. தேடிக் கண்டுபிடியுங்கள். முகத்தைப் பார்த்தால் சீனச் சாயல் இருக்காது, இந்தியச் சாயல்! அந்நியர் ஒருவர் கூரை மூலையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெற்கு ஃபூஜியான் தச்சர்களின் பழைய வழக்கம்தான். ஆனால் இந்தத் தெருவில், அடுத்த வாசலில் சோழமண்டலக் கரைக்காரர்கள் தர்கா கட்டி வாழ்ந்த தெருவில், அந்த முகம் இந்தியச் சாயலில் அமைந்தது வெறும் வழக்கத்தால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மண்டபத்தின் கருங்கல் தூண்களில் டிராகன்கள் சுற்றிக்கொண்டு ஏறும். தூணில் ஒட்டவைத்த மாதிரித் தெரிந்தாலும் அதே கல்லில் குடைந்து எடுத்தவை. சில இடங்களில் டிராகனின் உடலுக்கும் தூணுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். பக்கவாட்டிலிருந்து பாருங்கள், நேராகப் பார்த்தால் அந்த இடைவெளி புலப்படாது. தொட்டுப் பார்க்க வேண்டாம்.

பெரிய மண்டபம்

நடுவில் இருப்பவர் மாட்சு, கடல் அம்மன். கதைப்படி அவர் 960-இல் ஃபூஜியான் கரையோரம் மெய்சோ தீவில் பிறந்த லின் மோ என்கிற பெண். கடலுக்குப் போன தந்தையும் அண்ணன்மாரும் புயலில் சிக்கியபோது, வீட்டில் இருந்தபடியே மெய்மறந்த நிலையில் அவர்களைக் காப்பாற்றினார் என்பார்கள். இளம் வயதிலேயே மறைந்தார். மீனவர்கள் கும்பிட ஆரம்பித்து, கப்பல்காரர்களுக்குப் பரவி, கடைசியில் பேரரசர்களே விண்ணுலக அரசி என்று பட்டம் கொடுக்கிற அளவுக்கு உயர்ந்தார். இந்தச் சிலை ஊரிலிருந்து 1840-இல் கப்பலில் வந்தபோது பெரிய ஊர்வலம் நடந்தது; அன்றைய ஆங்கிலப் பத்திரிகையே அதை எழுதியிருக்கிறது. கோயில் கட்டி முடிவதற்கு முன்பே அம்மன் வந்துவிட்டார்.

அம்மனுக்கு இரண்டு காவலர்கள் உண்டு. பார்க்க அசுர முகம், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. ஒருவர் கண்ணுக்கு மேலே கையை வைத்துத் தூரத்தைப் பார்ப்பார், ஆயிரம் காதம் பார்க்கும் கண். இன்னொருவர் காதருகே கையைக் குவித்திருப்பார், காற்றில் வரும் சத்தத்தைக் கேட்கும் காது. நடுக்கடலில் பாய் கிழிந்து யாரோ ஒருவன் கத்துகிறான் என்றால் அவனை ஒருவர் பார்க்க வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். மாட்சு கோயில் எங்கே போனாலும் இந்த இரண்டு கைகளைத் தேடுங்கள், சாமி யாரென்று உடனே தெரிந்துவிடும்.

மேலே தொங்கும் பலகைகளில் ஒன்று சீனப் பேரரசர் குவாங்ஷுவின் பெயரால் 1907-இல் வந்தது. தென்கடலில் அலை அடங்கட்டும் என்கிற பொருளில் நான்கே எழுத்து. மூல எழுத்துச் சுருளை இப்போது தேசிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறது.

பக்கத்துச் சன்னதிகளில் சிவந்த முகமும் நீண்ட தாடியுமாக இருப்பவர் குவான் யூ, மூன்று அரசுகள் காலத்துத் தளபதி, வாக்குத் தவறாதவர் என்பதால் வியாபாரிகளுக்கும் காவல்காரர்களுக்கும் பிடித்தமானவர். இன்னொருவர் பாவ்ஷெங் தாதி. 979-இல் பிறந்த வைத்தியர், இறந்த பிறகு தெய்வமாக்கப்பட்டவர். இந்த மூன்று பேரையும் சேர்த்துப் பாருங்கள்: ஒருவர் கடலைக் கடக்க, ஒருவர் வியாபாரத்தில் ஏமாறாமல் இருக்க, ஒருவர் காய்ச்சல் வந்தால் பார்க்க. 1840-களில் கையில் காசில்லாமல் சிங்கப்பூரில் இறங்கியவனுக்கு வேறென்ன வேண்டும்?

கும்பிட விருப்பமிருந்தால்

கும்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கைகூப்பி நின்றாலே போதும், அது எல்லோருக்கும் புரியும். இங்கே அர்ச்சகர் உங்களுக்காக எதுவும் சொல்ல மாட்டார், குங்குமம் விபூதி கிடையாது, எல்லாவற்றையும் அவரவரே செய்துகொள்வார்கள்.

பத்தி ஏற்ற ஆசைப்பட்டால் கோயிலிலேயே வாங்கிக்கொள்ளலாம். விளக்கில் பற்றவைத்துத் தீநாக்கை வாயால் ஊதாமல் கையை அசைத்து அணையுங்கள். இரண்டு கையாலும் பிடித்து நெற்றி உயரத்துக்கு ஏந்தி மூன்று முறை தலை வணங்க வேண்டும். முதலில் வெளியே வானத்தைப் பார்த்து, அது வானுலகை ஆளும் ஜேட் பேரரசருக்கு. அப்புறம் உள்ளே திரும்பி மாட்சுவுக்கு, அதன் பிறகு பக்கத்துத் தெய்வங்களுக்கு, கடைசியில் பின்கட்டுக்கு. பத்தி செருகும் சட்டி ஒவ்வொன்றுக்கும் மூன்று பத்தி என்பது வழக்கம், சட்டிக்குச் சட்டி எண்ணிக்கை எப்படி என்று எழுதி வைத்திருந்தால் அதன்படி செய்யுங்கள். கூட்டத்தில் பத்தியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடங்கள், முன்னால் போகிறவர் சட்டையில் ஓட்டை விழாமல் இருக்கும். சாம்பல் கையில் விழும், சுடாது, பதறி உதற வேண்டாம்.

யாராவது சிவப்பு நிறத்தில் பிறை வடிவக் கட்டை இரண்டைத் தரையில் போட்டுப் பார்ப்பதைக் கவனிப்பீர்கள். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது போல, சாமியிடம் உத்தரவு கேட்கிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. ஒன்று தட்டையும் ஒன்று வளைவுமாக விழுந்தால் சரி என்று பதில். இரண்டும் வளைந்த பக்கம் மேலே இருந்தால் இல்லை. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே இருந்தால் சாமி சிரிக்கிறார், கேள்வியை ஒழுங்காகக் கேள் என்று அர்த்தம். எனக்கு இந்த மூன்றாவது பதில்தான் பிடிக்கும், பல கேள்விகளுக்கு அதுதான் பொருந்தும்.

மூங்கில் குச்சிகள் நிறைந்த குடுவையைச் சாய்த்துக் குலுக்கிக் குறி கேட்பதும் இதே குடும்பம். மண்டியிட்டு, பெயரையும் கேள்வியையும் மனதுக்குள் சொல்லிக் குலுக்கினால் ஒரு குச்சி மட்டும் வெளியே வந்து விழும். அதில் எண் இருக்கும். அந்தக் குச்சிதானா என்று பிறைக் கட்டையைப் போட்டு உறுதி செய்துகொண்டு, எண்ணுக்குரிய தாளை எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு குச்சி விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. விளையாட்டுக்காகச் செய்து வீடியோ எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் மகனின் அறுவை சிகிச்சைக்காகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பின்கட்டு

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். பெரிய மண்டபத்துக்குப் பக்கவாட்டில் நடந்தால் பின்முற்றம், அங்கே குவான் யின் சன்னதி. கருணைத் தெய்வம். இந்தியாவில் அவலோகிதேஸ்வரர் என்று ஆண் உருவில் இருந்த போதிசத்துவர், சீனாவுக்குப் போய்ச் சில நூற்றாண்டுகளில் பெண்ணாகிவிட்டார். தமிழுக்கு இவர் அந்நியர் இல்லை. அகத்தியர் அவலோகிதனிடம்தான் தமிழ் கேட்டார் என்று 11-ஆம் நூற்றாண்டுப் பௌத்த இலக்கண நூலான வீரசோழியம் சொல்கிறது. அதை நினைத்துக்கொண்டு அந்தச் சன்னதியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

கடல் அம்மன் நாட்டார் தெய்வம், குவான் யின் பௌத்தம். ஒரே கூரைக்கடியில் எப்படி என்று கேட்டால் அங்கே யாருக்கும் கேள்வியே புரியாது. முனியாண்டியையும் பெருமாளையும் ஒரே நாளில் கும்பிட்டு வருகிற நமக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

கோயிலின் இரண்டு பக்கமும் இருக்கும் கட்டடங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் சோங்வென் கே, 1849-இல் எழுந்த, கோபுரம் போல அடுக்கடுக்கான கட்டடம், படிப்புக்காகக் கட்டியது. மறுபக்கம் கெங் தெக் வே. மலாக்காவிலிருந்து வந்த ஹொக்கியன் வணிகர்கள் 36 பேர் 1831-இல் தொடங்கிய உதவிச் சங்கத்தின் இடம். இப்போது அது ஜேட் பேரரசர் கோயிலாக இருக்கிறது.

கோயில் இவ்வளவு பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் 1998 முதல் 2000 வரை நடந்த பெரிய திருப்பணி. சீனாவிலிருந்து மரபுக் கைவினைஞர்களை வரவழைத்துச் செய்தார்கள், 2001-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுச்சின்ன விருதுகளில் பாராட்டும் கிடைத்தது. 1973-இலேயே தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள்.

படம் எடுக்கும்போது

முற்றத்திலும் கூரையையும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். சன்னதிக்குள் ஃபிளாஷ் வேண்டாம், தடை அறிவிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே கேமராவை உள்ளே வையுங்கள். கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே போய் எடுப்பது மகா அநாகரிகம், பின்னாலிருந்து எடுத்தால்கூட ஒரு தலையசைப்பில் கேட்டுவிடுங்கள். சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள், விரலை நீட்டிச் சிலையைச் சுட்டாதீர்கள், உள்ளங்கையைக் காட்டினால் போதும். தெரு குறுகலானது என்பதால் முழு முகப்பும் ஒரே படத்தில் அடங்குவது கஷ்டம். பக்கத்தில் இருக்கும் சின்னப் பூங்காவிலிருந்து சாய்வாக எடுத்தால் முகடுகள் நன்றாக வரும்.

வெளியே வந்த பிறகு

அந்தப் பூங்காவைத் தாண்டினால் நாகூர் தர்கா. ஆமாம், நம் நாகூர்தான். சூலியா முஸ்லிம்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், 1828 முதல் 1830 வரை ஷாஹுல் ஹமீது ஆண்டவர் நினைவாகக் கட்டியது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. நாகூர் ஆண்டவரும் கடலோடிகளைக் காப்பவர்தான், ஓட்டை விழுந்த கப்பலைக் கண்ணாடியை எறிந்து அடைத்த கதை கரையோர ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ஒரே கரையில் இறங்கிய இரண்டு ஊர்க்காரர்கள், ஒரே பயம், ஒரே நன்றி, நூறடி இடைவெளியில் இரண்டு வாசல். இதைக் கோயிலை முடித்த கையோடு பார்ப்பதுதான் சரி, வேறொரு நாளுக்குத் தள்ளினால் அந்தத் தொடர்பு விட்டுப்போகும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப் பள்ளி என்று தமிழிலேயே பெயர். தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம், மற்ற நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாகப் போகலாம்.

கிளம்புவதற்கு முன் கோயிலின் பின்பக்கம் அமோய் தெருவுக்கு வந்துவிடுங்கள். பின்சுவர் முழுக்க, 44 மீட்டர் நீளத்துக்கு, ஹொக்கியன் குடியேறிகளின் வாழ்க்கையை இப் யூ சோங் என்கிற ஓவியர் 2017-இல் வரைந்திருக்கிறார். உள்ளே பார்த்ததை எல்லாம் மறுபடி கோத்துக் காட்டுகிற மாதிரி இருக்கும். குழந்தைகளை அழைத்துப் போயிருந்தால் அவர்களுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு அதே தெருக்கோடியில் அமோய் ஸ்ட்ரீட் உணவங்காடி இருக்கிறது. பன்னிரண்டு மணி அடித்தால் சுற்றியுள்ள அலுவலகங்கள் மொத்தமும் அங்கே இறங்கிவிடும், உட்கார இடம் கிடைக்காது. காலியான மேசையில் டிஷ்யூ பாக்கெட் ஒன்று இருந்தால் அது யாரோ இடம் பிடித்துவிட்டுப் போனது, எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காராதீர்கள். பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். சைவம் என்றால் கடைக்காரரிடம் முட்டை, மீன் சாஸ், பன்றிக்கொழுப்பு மூன்றும் இல்லையா என்று தனித்தனியாகக் கேளுங்கள், "வெஜிடபிள்" என்று மட்டும் சொன்னால் கறிச்சாற்றில் வெந்த கீரை வரும்.